முதலீட்டாளரின் வக்கீல் பில்லை யார் கட்டுவது?

எங்கள் கம்பெனியின் சீட் ரவுண்டுக்கு (தொடக்க கட்டத்தில் வெளியாரிடம் பணம் திரட்டும் சுற்று) வந்த டெர்ம் ஷீட்டில் (முதலீட்டின் நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லும் தாள்) வேல்யுவேஷன் (கம்பெனியின் மதிப்பு), போர்டு சீட், லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் (கம்பெனி விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ முதலீட்டாளருக்கு முதலில் பணம்) எல்லாம் தாண்டி, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: இரு தரப்பு வக்கீல் கட்டணமும் டியூ டிலிஜென்ஸ் (முதலீட்டுக்கு முன் கம்பெனியின் கணக்கு, ஆவணங்களைச் சோதிப்பது) செலவும் கம்பெனியே கட்ட வேண்டும். பேசி, அதை ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்று மாற்றிக்கொண்டோம். பணம் திரட்டப் போகும் நண்பர்கள் இந்த வரியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

நடைமுறையில் மூன்று ஏற்பாடுகள் உண்டு. எல்லாவற்றையும் கம்பெனியே கட்டுவது. முதலீட்டாளரின் செலவை ஒரு உச்சவரம்பு வரை கம்பெனி ஏற்பது. அவரவர் வக்கீலுக்கு அவரவர் கட்டுவது. முதலீட்டாளரே இரண்டு பக்கத்துக்கும் கட்டட்டும் என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. நம் வக்கீல் நமக்காக மட்டும் பேச வேண்டுமென்றால் அவருக்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும்.

கம்பெனி கட்டுவது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். அங்கே பலரும் மாதிரியாக எடுத்துக்கொள்ளும், முதலீட்டு நிறுவனங்களின் சங்கமான என்விசிஏவின் டெர்ம் ஷீட்டிலேயே அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. இங்கேயும் பல ஃபண்டுகள் அதே வழியில் போகின்றன. ஃபண்டில் இருப்பது மற்றவர்களின் பணம், அது முதலீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதலீட்டுக்கு முன் மதிப்பு 16 கோடி, உள்ளே வருவது 4 கோடி, முதலீட்டாளருக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வக்கீல் பில் 8 லட்சம். கம்பெனி கட்டினால் அந்த 8 லட்சம் அவர் போட்ட 4 கோடியிலிருந்தே வெளியே போகிறது. ஆனால் அவர் வாங்கிய பங்கு முழு 4 கோடிக்கானது. பங்கு விகிதப்படி பார்த்தால் 6.4 லட்சம் பழைய பங்குதாரர்களின் தலையில், 1.6 லட்சம் அவர் தலையில். போதாததற்கு, பில் முதலீட்டாளர் பெயரில் இருந்தால் அதன் ஜிஎஸ்டிக்கு நாம் உள்ளீட்டு வரி வரவு எடுப்பதும் (அதை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வதும்) சிக்கல்.

‘நாங்கள் கட்டினால் வேல்யுவேஷனில் குறைத்துக்கொள்வோம், எப்படியும் ஒன்றுதானே’ என்று முதலீட்டாளரிடமிருந்து ஒரு பதில் வரும். ஒன்றுதான் என்றால் வெளிப்படையாக வேல்யுவேஷனிலேயே குறைக்கட்டும். அப்போது அது இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியும் நிலையான தொகை. வக்கீல் பில் அப்படியல்ல, வேலை முடியும் வரை அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் விஷயமே இதுதான்: ‘போதும்’ என்று சொல்லும் இடத்தில் யார் இருக்கிறார்கள்? கம்பெனி பணம் கட்டும்போது, முதலீட்டாளரின் வக்கீல் நம் பேச்சைக் கேட்கக் கடமைப்பட்டவர் அல்ல. அவருடைய கட்சிக்காரர் முதலீட்டாளர். அந்தக் கட்சிக்காரருக்கோ பில் வருவதில்லை. இன்னொரு சுற்று திருத்தம், இன்னொரு கான்ஃபரன்ஸ் கால், நான்கு வருடத்துக்கு முந்தைய பிஎஃப் சலான் என எதைக் கேட்டாலும் அவருக்குச் செலவில்லை. வாரண்டி பிரிவில் (கம்பெனி தரும் உறுதிமொழிகள்) ஒரு சொல்லுக்காக இரண்டு வக்கீல்களும் வாரக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வார்கள், இரண்டு மீட்டரும் நம் செலவில் ஓடும். நிறுத்தச் சொன்னால், ‘எதையோ மறைக்கிறார்கள்’ என்ற சந்தேகம் நம் மேல் விழும்.

அவரவர் கட்டும்போது இது தானாகவே சரியாகிறது. எங்கள் விஷயத்தில், செலவு அவர்களுடையது என்று முடிவான பிறகு வந்த டியூ டிலிஜென்ஸ் பட்டியல் கச்சிதமாக இருந்தது. பங்குதாரர் பட்டியல், ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) ஃபைலிங், மென்பொருள் உரிமை கம்பெனி பெயரில் இருக்கிறதா, ஊழியர் ஒப்பந்தங்கள். உண்மையிலேயே பார்க்க வேண்டியவை அவைதான். சின்னச் சின்னக் குறைகளை முதலீட்டாளரும் நாங்களும் போனிலேயே பேசி முடித்தோம், வக்கீல்கள் அதை எழுத மட்டும் செய்தார்கள். ஒரே ஒரு ரவுண்டை வைத்துப் பொது விதி சொல்ல முடியாது. ஆனால் கம்பெனியே கட்டும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்ட நண்பர்களிடம் கேட்டது இதற்கு நேர்மாறாகவே இருந்தது.

டீல் பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். டெர்ம் ஷீட்டில் பெரும்பாலானவை சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று தைரியமாகக் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் ரகசியம், வேறு யாரிடமும் பேசாமல் இருப்பது, செலவு ஆகிய பிரிவுகளை வழக்கமாகக் கட்டுப்படுத்தும்படிதான் எழுதுவார்கள். அதாவது முதலீட்டாளர் மனம் மாறிப் போனாலும், கம்பெனி கட்டும் என்ற வரி உயிரோடு இருக்கலாம். பணமும் வராமல் பில் மட்டும் வந்தால், ஐந்து பேர் கம்பெனிக்கு அது ஒரு மாதச் சம்பளம்.

உச்சவரம்பு ஏற்பாடு என் இரண்டாவது தேர்வு. முதலீட்டாளர் நல்லவர், ஆனால் இந்த ஒரு வரியில் மட்டும் இறங்கி வரவில்லை என்றால் அதற்காக டீலை உடைக்க வேண்டாம். தொகையை ஜிஎஸ்டி உட்பட எண்ணாகவே எழுதி வாங்குங்கள், ‘நியாயமான செலவு’ என்று விடாதீர்கள். டீல் முடிந்தால் மட்டுமே தருவோம் என்பதும், முதன்மை முதலீட்டாளரின் ஒரு வக்கீலுக்கு மட்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். உச்சவரம்பைத் தாண்டியது முதலீட்டாளரின் பாடு என்பதால், ‘போதும்’ சொல்லும் ஆள் பாதியிலாவது வந்துவிடுகிறார்.

வேல்யுவேஷன் ரிப்போர்ட், பங்கு வெளியீட்டுக்கான 0.005 சதவீத முத்திரைத்தாள் வரி, பங்கு ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 ஃபைலிங் போன்றவை கம்பெனியின் வேலை, கம்பெனிதான் கட்ட வேண்டும். அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

சொந்தப் பணத்தில் ஆளுக்குப் பத்து லட்சம் போடும் ஏஞ்சல் முதலீட்டாளர்கள் மட்டும் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். நம் வக்கீல் எழுதும் ஒரே ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவதுதான் வழி. 2019-இல் 100எக்ஸ்.விசி என்ற முதலீட்டு நிறுவனம் வெளியிட்ட ஐசேஃப் (பணம் இப்போது, பங்கு பின்னால்) போன்ற சிறிய மாதிரி ஆவணங்கள் அதற்கு உதவும். சீரீஸ் பி மாதிரியான பெரிய ரவுண்டுகளிலும் வெளிநாட்டு ஃபண்டுகளிடமும் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. தொகை நூறு கோடியைத் தொடும்போது வக்கீல் பில் அற்பமாகிவிடலாம், அங்கே வேறு பிரிவுகளுக்காகப் பேரம் பேசுவது புத்திசாலித்தனமாக இருக்கலாம்.

சீட் ரவுண்டில் இருப்பவர்கள் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது இந்த ஒரு வரி: ‘டீல் முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஒவ்வொரு தரப்பும் தன் சட்டச் செலவையும் டியூ டிலிஜென்ஸ் செலவையும் தானே ஏற்கும்.’ டெர்ம் ஷீட் கட்டத்திலேயே கேளுங்கள். கையெழுத்து போட்டு, மற்ற முதலீட்டாளர்களோடு பேசும் வழியும் அடைபட்ட பிறகு கேட்டால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.