கோசமல்லிக்கு ஏற்ற இங்கிலாந்துக் கிழங்கு

ஆத்தா வைக்கும் கத்திரிக்காய் கோசமல்லியில் உருளைக்கிழங்கு கண்ணுக்குத் தெரியாது. வெந்த கத்திரிக்காயோடு கையால் பிசைந்து, புளித்தண்ணீரில் கரைந்துபோயிருக்கும். இட்லியின் மேல் ஊற்றினால் வழிந்தோடாமல் நிற்கிற அந்தப் பதம்தான் கிழங்கின் வேலை. காரைக்குடி வீட்டில் நேற்று அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேற்படிப்புக்காக இங்கிலாந்து புறப்படும் சித்தப்பா மகள் கேட்டாள்: “அண்ணே, இந்த மாதிரிக் கிழங்கு அங்கே கிடைக்குமா?” கேம்பிரிட்ஜில் ஆறு வருடமாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

கிடைக்கும். ‘மாரிஸ் பைப்பர்’ என்று அச்சிட்ட பையை எடுக்க வேண்டும்.

நான் முதலில் எடுத்தது வேறு. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்த ‘சார்லட்’ கிழங்கில் மயங்கிவிட்டேன். அது சாலட்டுக்கான இனம். வெந்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஐந்து விசில் விட்டு, விடாப்பிடியாக மத்தால் கடைந்தேன். பசையாக இழுத்ததே தவிர, கரையவில்லை. தண்ணீர் தனி, கட்டி தனியாக நின்ற அந்தக் கோசமல்லியைக் கைப்பேசியில் பார்த்த ஆத்தா, “பானகத்தில் பனங்கிழங்கு போட்டாயா?” என்று கேட்டார்.

மாரிஸ் பைப்பர் அப்படியில்லை. தோலோடு முழுசாகக் குக்கரில் போட்டு இரண்டு விசில் போதும். உரிக்கும்போதே மாவு திருநீறு போல விரலில் ஒட்டும். மணத்தில் ஊட்டிக் கிழங்குக்கு ஒரு படி கீழேதான் என்றாலும், பதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேம்பிரிட்ஜை ஒட்டிய டிரம்பிங்டனில் மாரிஸ் லேன் என்றொரு தெரு உண்டு. அங்கிருந்த பயிர் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட இனம் இது. வேரைத் தாக்கும் ஒரு நூற்புழுவை எதிர்த்து நிற்கும் என்பதுதான் இதன் பெருமை. நம் நீலகிரிக் கிழங்கையும் வாட்டுவது அதே புழு என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இதன் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

வறுவலுக்குத்தான் அடம் பிடிக்கும். சோம்பும் பூண்டும் அரைத்துப் போட்டுப் புரட்டுவதற்குள் துண்டுகளின் முனை உடைந்து பொடிமாஸ் ஆகிவிடும். அரைவேக்காட்டில் எடுத்து ஆறவிட்டு நறுக்கினால் ஓரளவு தப்பலாம். கோசமல்லிக்குப் பத்துக்கு ஒன்பது, வறுவலுக்கு ஐந்து கொடுப்பேன்.

ஒரு முறை இரண்டரை கிலோப் பையை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். வாரக் கடைசியில் வறுத்தால், உள்ளே வேகும் முன்பே வெளியே கருகி, நாக்கில் அசட்டு இனிப்பு. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. எண்ணெயில் கருகுவது அந்தச் சர்க்கரை. வெளிச்சம் படாத அலமாரியே போதும். மாரிஸ் பைப்பர் இல்லாத கடையில் ‘கிங் எட்வர்டு’ வாங்கலாம்; 1902இலிருந்து இருக்கிற கிழங்கு, அதுவும் மாவுதான்.

பெயரில்லாத பை கிடைத்தால் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பங்கு உப்பு, பதினொரு பங்கு தண்ணீர். மாவுக் கிழங்கு மூழ்கும், மற்றது மிதக்கும். தங்கைக்குக் காட்டுவதற்காக இன்று காலை ஒரு டம்ளர் கல்லுப்பைப் பாத்திரத்தில் கரைத்தேன். சந்தையில் வாங்கியவற்றில் மூன்று மூழ்கின, ஒன்று மிதந்தது. ஆத்தா கிழங்கைப் பார்க்கவேயில்லை. “ஒரு டம்ளர் உப்பா!” என்றார். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்ற இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.