கஞ்சா விதையில் துவையல்: அரைக் கிலோவைத் தீர்த்துவிட்டு எழுதுகிறேன்

புதுச்சேரியில் ஒரு இயற்கை அங்காடியில் 'ஹெம்ப் விதை' என்று ஒட்டிய பாக்கெட் வாங்கினேன். அரைக் கிலோ, 380 ரூபாய். முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது கஞ்சா விதைதானே? போலீஸ் வராதா?" என்றார்.

அதே செடிதான் அக்கா என்றேன். போதை பூங்கொத்தின் பிசினில் இருக்கிறது, விதைக்குள் இல்லை. விதையில் ஒட்டிவரும் துளிக்கும் வரம்பு உண்டு. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை உணவாக ஏற்றபோது, போதை தரும் டிஹெச்சி என்ற பொருள் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று வைத்தது. 'இண்டிகா அடித்தால் உடம்பு அசந்து தூக்கம் சொக்கும்' என்று கஞ்சாவின் ஒரு வகையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களே, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன், தூக்கம் எப்போதும் போலத்தான்.

இண்டிகா என்ற பெயரை 1785-ல் வைத்தவர் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லமார்க். சொன்னெரா என்ற பிரெஞ்சுப் பயணி இந்தியாவிலிருந்து கொண்டுபோன உலர்ந்த செடியைப் பார்த்து, ஐரோப்பாவின் நார்ச்செடியிலிருந்து இது வேறு என்று பிரித்தார். அந்த சொன்னெரா நம்ம புதுச்சேரியில் பல வருஷம் வாழ்ந்தவர். சித்த மருத்துவத்தில் இதே செடி கோரக்கர் மூலி. இவ்வளவு பழக்கமான செடியின் விதை நம் அடுக்களைக்கு இத்தனை தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தம்தான்.

சரி, ருசி. பச்சையாகப் போட்டால் லேசான புல் வாடை. வெறும் சட்டியில் வறுத்தால் கடுகு மாதிரி படபடவென்று வெடிக்கும். எள்ளுக்கும் வேர்க்கடலைக்கும் நடுவில் ஒரு மணம் எழும்பும். தோல்தான் தொல்லை. முதல் நாள் அப்படியே துவையல் அரைத்தேன், உமி மாதிரி பல்லிடுக்கில் மாட்டியது. உத்தராகண்டின் குமாவோன் மலைக்காரர்கள் இதில் காலங்காலமாகச் சட்னி அரைக்கிறார்கள். வறுத்து, தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டினால் கெட்டிப் பால் வருகிறது. அதில் பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்தால் இட்லிக்கு அருமை. ஒருநாள் நெத்திலிக் குழம்பில் தேங்காய்ப் பாலுக்குப் பதில் இதை ஊற்றினேன். கடலூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், "எள்ளு அரைச்சு விட்டியா அண்ணி?" என்று இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

இந்த விதையின் எண்ணெயை மட்டும் அந்தக் கடையில் வாங்க மாட்டேன். வெயில் விழும் அலமாரியில், கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்தார்கள். திறந்ததுமே சிக்கு வாடை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. இந்த எண்ணெய் வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் கெடும். கருப்பு பாட்டிலில் வாங்கி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். தாளிக்கவும் பொரிக்கவும் ஆகாது. சுடுசோற்றில் பருப்புப்பொடியோடு ஒரு கரண்டி, அவ்வளவுதான்.

மாடித் தொட்டியில் நாலு விதை போடலாமா என்று அக்கா மகன் கேட்டான். கூடாதுடா தம்பி. உரிமம் இல்லாமல் வளர்ப்பது குற்றம். உத்தராகண்டில் 2018 முதல் உரிமம் கொடுக்கிறார்கள், அதுவும் டிஹெச்சி 0.3 சதவீதத்துக்குள் இருக்கும் செடிக்கு மட்டும்.

அடுத்த முறை தோல் நீக்கிய பருப்பாக வாங்குவேன். விலை கூடத்தான், ஆனால் வடிகட்டும் வேலை மிச்சம்.