மிச்சமாகும் பனை விதைகளை எடுத்துக் கொடுக்கும் குன்னூர் தோட்டம்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு அக்கா, தன் தோட்டத்தில் காய்க்கும் பனை வகைகளின் விதைகளைத் தன் தேவைக்குப் போக மிச்சம் எவ்வளவு இருந்தாலும் செடி வளர்ப்பவர்களுக்குச் சும்மாவே கொடுத்துவிடுகிறார். தபால் செலவு மட்டும் நம்முடையது. நான் நேரில் போய்க் கூந்தல்பனையும் விண்ட்மில் பாமும் வாங்கி வந்தேன், ரொம்ப திருப்தி.

இந்த விதைகளைக் கத்தரி, தக்காளி விதை மாதிரி காய வைத்து டப்பாவில் போட்டு வைக்க முடியாது. பெரும்பாலான பனை வகைகளுக்கு ஈரம் போனால் உயிரும் போய்விடும். முன்பு ஆன்லைனில் ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கியது, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தது, ஒன்றுகூட முளைக்கவில்லை. இவரோ பழம் பறித்த தேதியை எழுதி, ஈரமான தேங்காய் நார்த்தூளில் புதைத்துத்தான் தருகிறார். என் எதிரிலேயே ஒரு கூந்தல்பனை விதையைக் குறுக்கே வெட்டிக் காட்டினார்: கொட்டைப்பாக்கு போல வெள்ளையில் பழுப்பு வரிகள், நல்ல கெட்டி, எங்கும் சுருக்கமில்லை. அந்தப் பழத்தின் சதை கையில் பட்டால் பயங்கரமாக அரிக்கும், அதிலுள்ள ஆக்சலேட் ஊசிகள்தான் (கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற உப்புப் படிகங்கள்) காரணம். கையுறை மாட்டிக்கொண்டு, மணல் போட்டுச் சாக்கில் தேய்த்துக் கழுவும் அந்த வேலையை முன்பின் தெரியாதவர்களுக்காக ஒருவர் செய்கிறார் என்றால் அது பெரிய மனசு.

கூந்தல்பனை உச்சியில் பூக்கத் தொடங்கி, குலை குலையாகக் கீழே இறங்கி, அடிக்குலை காய்த்து முடிந்ததும் பட்டுப்போகும். அதனால்தான் சில வருடங்களுக்கு விதை கொட்டோ கொட்டென்று கொட்டும், அப்புறம் அந்த மரத்தில் ஒன்றும் கிடைக்காது. இவருடைய மரத்தில் குலை இப்போது பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

விண்ட்மில் பாம் சீன மலைப்பகுதி மரம், உறைபனியைத் தாங்கும். சீனத் தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ராபர்ட் பார்ச்சூனின் பெயர்தான் அதன் தாவரவியல் பெயரில் இருக்கிறது, நம் தேயிலை மலையில் அது வளர்வது எனக்குத் தனி சந்தோஷம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, அதனால் ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்தாக நடச் சொன்னார். எனக்கு முளைத்துவிட்டது. இலைக்கு முன்னால் வேர் கீழே இறங்குவதால் ஆழமான நாற்றுப் பையாக எடுத்துக்கொள்ளுங்கள். கூந்தல்பனை இன்னும் வரவில்லை, அதற்கு மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

குறை என்று சொன்னால், பேனாவில் எழுதிய சீட்டு ஈரத்தில் அழிந்துவிடுகிறது. பென்சிலில் எழுதினால் போதும், அவரிடமும் சொன்னேன். பகலில் போன் எடுக்க மாட்டார், சாயங்காலம் கூப்பிடுங்கள்.

என்னோடு வந்தவர் வரைக்கமுகு விதை கேட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே உள்ள காட்டுப் பனை வகை அது. “என் தோட்டத்தில் இல்லைங்க, காட்டில் போய்ப் பொறுக்கித் தர மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அதுதான் சரி.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, எனவே நேரில் போகிறவர்கள் மூடி போட்ட டப்பா கொண்டு போங்கள். ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் பள்ளத்தில் இருப்பவர்கள் விண்ட்மில்லையே கேளுங்கள், கூந்தல்பனைக் கன்று அங்கே கருகிவிடும்.