ஏ.எம்.டி. கியர் அடிக்கடி மக்கர் பண்ணுகிறதா? ரிப்பேர், செகண்ட்ஸ் கிட், மேனுவல், விற்பனை: எது தேறும்?

சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது மீட்டரில் நியூட்ரலைக் குறிக்கும் ‘N’ எழுத்து சிமிட்ட ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறதே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் மாநகரப் பேருந்து விடாமல் ஹாரன் அடிக்கிறது. ஓட்டிக்கொண்டிருந்தவர் என் மனைவி. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வண்டியை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து மறுபடி போட்டதும் கியர் விழுந்தது. ஒரே வருடத்தில் இது நான்காவது முறை. அவருக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதால்தான் கிளட்ச் பெடல் இல்லாத கார் வாங்கினோம். அதுவே அவரை நடுரோட்டில் நிறுத்தினால் எப்படி?

எங்களுடையது 2016-இல் பதிவான சின்ன ஹேட்ச்பேக். பத்து வருடத்தை நெருங்கும் ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன், அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும்) கார்கள் இப்போது நிறைய இருக்கின்றன. 2014-இல் செலேரியோவில் மாருதி இதை அறிமுகப்படுத்திய பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களின் பட்ஜெட்டுக்குள் ஆட்டோ கியர் வந்தது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். ஏ.எம்.டி.க்குள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், சாதாரண கிளட்ச் பிளேட்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு ஹைட்ராலிக் கிட் செய்கிறது. ஒரு சின்ன மோட்டார் பம்ப் எண்ணெய்க்கு அழுத்தம் கொடுக்கும். நைட்ரஜன் அடைத்த குமிழ் போன்ற அக்குமுலேட்டர் அந்த அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுகள் அதை எடுத்துக் கிளட்ச்சையும் கியரையும் தள்ளும். டிரைவர் கதவைத் திறந்ததும் முன்பக்கம் ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது அந்தப் பம்ப்தான். ஆகவே ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சில்லறைச் செலவில் முடிவது

பேட்டரி, எர்த் ஒயர், பிரேக் சுவிட்ச், கனெக்டர், ஹைட்ராலிக் எண்ணெய் அளவு. இந்த ஐந்தையும் பார்க்காமல் வேறு எதிலும் கை வைக்க விடாதீர்கள். பம்ப் ஓடுவதும் வால்வு திறப்பதும் மின்சாரத்தில்தான். வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் குழம்பி நியூட்ரலுக்குப் போய்விடும். பிரேக்கை மிதித்தது பதிவாகவில்லை என்றால் கியரே விழாது.

இதற்கு ஒரு பெரிய இடத்து உதாரணமே உண்டு. 1989-இல் ஃபெராரி 640 பந்தயக் கார்தான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் முறையை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்தது. பிரேசிலில் முதல் பந்தயத்தில் ஜெயித்தது, அப்புறம் அடுத்தடுத்துப் பாதியில் நின்றது. எல்லோரும் கியர்பாக்ஸைத் திட்டினார்கள். நோண்டிப் பார்த்தால், ஆல்டர்னேட்டர் பெல்ட் கழன்று மின்சாரம் குறைந்ததுதான் முக்கியக் காரணம்.

நான் கற்றுக்கொண்ட கணக்கு இது: ஸ்கேனரை மாட்டிக் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எர்ரர் வந்தால் கரண்டைச் சந்தேகப்படுங்கள். ஒரே எர்ரர் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பாகத்தைச் சந்தேகப்படுங்கள். எர்ரரை அழித்துவிட்டு ‘சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க’ என்பது ரிப்பேர் ஆகாது. அழிப்பதற்கு முன் எர்ரர் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் இரண்டு தடவையும் வெறுமனே அழித்துத்தான் அனுப்பினார்கள். மூன்றாவது தடவை பேட்டரி மாற்றினோம். அதன் பிறகு ஐந்து மாதம் தொந்தரவு இல்லை.

பாகம் பாகமாக மாற்றுவது

எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது இதுதான். அக்குமுலேட்டர் வருடக்கணக்கில் வாயுவை இழக்கும். வண்டி குறைவாக ஓடியிருந்தாலும் வயது அதை விடாது. அழுத்தம் தேங்காததால் பம்ப் சும்மா சும்மா ஓடும், மோட்டார் சூடாகும், ரிலே கருகும். எங்கள் காரில் டிரைவர் கதவைத் திறந்தால் பம்ப் பத்து விநாடிக்கு மேல் இரைந்துகொண்டே இருந்தது. சிக்னலில் நிற்கும்போதும் இடையிடையே ஓடியது. வெளி ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ஸ்கேன் போடுவதற்கு முன் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டார்.

அக்குமுலேட்டரோடு கிளட்ச் செட்டையும் மாற்றச் சொன்னார். அது நியாயமான பேச்சு. பிளேட் தேயத் தேய, கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் தள்ளித் தள்ளி நினைவில் வைக்கும். ஓர் எல்லைக்கு மேல் தள்ள முடியாது. மாற்றிய பின் ஸ்கேனரை மாட்டி அந்த இடத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத கடையில் கிளட்ச் வேலையே கொடுக்காதீர்கள்.

செகண்ட்ஸ் கிட்

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிடைக்கும். விலையைக் கேட்டால் ஆசை வரும். நான் வேண்டாம் என்றே சொல்வேன். கழற்றிய காரின் அக்குமுலேட்டருக்கும் ரப்பர் சீலுக்கும் நம் கார் அளவுக்கே வயசாகியிருக்கும். போதாததற்கு 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் என்று சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. கனெக்டருக்குள் இறங்கிய ஈரம் வெளியே தெரியாது. லேபர் இரண்டு தடவை கொடுக்கும் அபாயம் இதில்தான் அதிகம்.

புதுக் கிட்

கம்பெனி சர்வீஸில் பெரும்பாலும் முழு அசெம்பிளியைத்தான் மாற்றுவார்கள். பாகத்துக்கு உத்தரவாதம் கிடைக்கும், மனம் நிம்மதி. எங்களுக்குக் கொடுத்த எஸ்டிமேட், காரை விற்றால் வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இன்சூரன்ஸும் உதவாது, தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் பாலிசியில் இடமில்லை. இன்ஜினும் பாடியும் நன்றாக இருந்து, இன்னும் ஐந்து வருடமாவது வைத்துக்கொள்வேன் என்பவர் மட்டும் யோசிக்கலாம்.

மேனுவலாக மாற்றுவது

‘உள்ளே மேனுவல் பாக்ஸ்தானே, பெடல் போட்டுடலாம்’ என்பார்கள். பெடலோடு முடியாது. கேபிள், கியர் லீவர், ஒயரிங், இன்ஜின் கம்ப்யூட்டர் வரை மாற்ற வேண்டி வரும். ஆர்.சி. விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. நாளைக்கு ஓர் இன்சூரன்ஸ் கிளெய்ம் என்றால் வம்பு. என் மனைவியின் முழங்காலுக்கு முன்னால் இந்த யோசனையே எழவில்லை.

விற்றுவிடுவது

பாகங்களை மாற்றிய பிறகும் பம்ப் மோட்டாரோ வால்வு பிளாக்கோ தகராறு செய்தால் விற்றுவிடலாம் என்பது என் முடிவு. ஆனால் எல்லா பில்லையும் காட்டி, குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்க வேண்டும். எர்ரரை அழித்துவிட்டுத் தள்ளிவிட்டால், அடுத்து அதே மேம்பாலத்தில் நிற்கப்போவது இன்னொரு வீட்டுப் பெண்மணி.

சி.வி.டி., பழைய டார்க் கன்வர்ட்டர் என்ற வேறு வகை ஆட்டோ கியர் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவை முற்றிலும் வேறு பெட்டி. அங்கே முதல் கேள்வி, கியர் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்பதுதான்.

எங்கள் காரில் அக்குமுலேட்டரும் கிளட்ச் செட்டும் மாற்றி ஏழு மாதமாகிறது. கதவைத் திறந்தால் பம்ப் சத்தம் மூன்று விநாடியில் அடங்கிவிடுகிறது. மேடான சிக்னலில் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கத்தை இருவரும் விட்டுவிட்டோம், ஹேண்ட்பிரேக்தான். ஆர்.சி. 2031 வரை இருக்கிறது. போன வாரம் அவர் தனியாகக் கத்திப்பாரா ஏறி இறங்கி வந்தார்.