அஃபிலியேட் கமிஷனை எந்த வழியில் வாங்குவது? எல்லா வழியிலும் வாங்கிப் பார்த்த அனுபவம்

நம் தளத்தில் கொடுக்கும் இணைப்பு வழியாக யாராவது பொருள் வாங்கினால் விற்பவரிடமிருந்து கமிஷன் பெறும் அஃபிலியேட் வேலையில் இறங்குகிறவர்கள் கமிஷன் எத்தனை சதவீதம் என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். அந்தப் பணம் எந்த வழியாகக் கைக்கு வரும் என்பது பதிவுப் படிவத்தின் கடைசியில் இருக்கும் ஒரு கேள்வி. கண்ணில் படும் முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வெட் கிரைண்டர், மிக்ஸி, குக்கர் என்று சமையலறைச் சாமான்களைப் பயன்படுத்திப் பார்த்து எழுதும் சிறு தளம் ஒன்றைக் கோவையிலிருந்து பல ஆண்டுகளாக நடத்துகிறேன். தளம் நடத்துவது பற்றியும் எழுதுவதால் இணையதளத்தை ஏற்றி வைக்க இடம் தரும் வெளிநாட்டு ஹோஸ்டிங் நிறுவனங்களிடமிருந்தும் கமிஷன் வருகிறது. ஆக, ரூபாயும் உண்டு, டாலரும் உண்டு. என் கணக்கில், கமிஷன் விகிதத்தில் ஒரு சதவீதம் கூடுதலாகக் கிடைப்பதைவிட, பணம் வரும் வழியைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததில் மிச்சமானது அதிகம்.

ரூபாய் வரவில் பெரிய குழப்பமில்லை. உள்நாட்டு விற்பனைத் தளங்கள் பெரும்பாலும் என்இஎஃப்டி (வங்கிக்கு வங்கி மின்னணுப் பரிமாற்றம்), கிஃப்ட் கார்டு என்ற இரண்டைக் காட்டும்; முன்பு காசோலையும் இருந்தது. காசோலையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2012 ஏப்ரலிலிருந்து அதன் ஆயுள் மூன்று மாதம்தான். தபாலில் அலைந்து வந்து, வங்கிக்குப் போக நமக்கு நேரம் கிடைத்து, அது பணமாவதற்குள் பாதி ஆயுள் தீர்ந்துவிடும். என்இஎஃப்டி 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறு, விடுமுறை பாராமல் இரவு பகலாக இயங்குகிறது. இருப்பினும் பணம் உடனே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. அமேசான் ஒரு மாதத்துக் கமிஷனை அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய அறுபது நாள் கழித்துத்தான் தருகிறது. வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் நம் கமிஷனும் கழியும் என்பதால் இந்தக் காத்திருப்பு. தீபாவளி விற்பனையில் சம்பாதித்தது பொங்கல் நெருங்கும்போதுதான் பையில் விழும். வழி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

கிஃப்ட் கார்டு கொஞ்சம் மயக்கும் சங்கதி. எப்படியும் அங்கேதானே சாமான் வாங்கப்போகிறோம் என்று தோன்றும். ஆனால் அட்டையாக வந்தாலும் அது வருமானம்தான். டிடிஎஸ் (தருகிறவரே முன்கூட்டிக் கழித்துக்கொள்ளும் வரி) பிடிப்பார்கள், வரிக் கணக்கிலும் காட்டியாக வேண்டும். வரியைக் கட்டுவதற்கோ ரொக்கம் வேண்டும், அட்டையைக் கொண்டு வரி கட்ட முடியாது. அட்டையைப் பணமாக மாற்றவும் முடியாது, காலாவதியும் உண்டு. விமர்சனத்துக்காக அடிக்கடி பொருள் வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் பொருந்தலாம். மற்றவர்களுக்கு என்இஎஃப்டியே போதும்.

டிடிஎஸ் பற்றி இரண்டு வரி. 1961 வருமான வரிச் சட்டத்தில் கமிஷனுக்கான 194எச் பிரிவில் பிடித்தம் 5 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதமாகக் குறைந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். கமிஷன் சில ஆயிரம்தான் என்றாலும் பான் எண்ணை முதல் நாளே ஏற்றிவிடுவது நல்லது.

இனி டாலர். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

வெளிநாட்டு நிறுவனங்கள் எனக்குப் பணம் அனுப்பியது மூன்று வழிகளில்: பேபால், நேரடியாக வங்கிக்கு வரும் ஸ்விஃப்ட், பேயோனியர். பேபாலும் பேயோனியரும் இணையவழியில் பணம் மாற்றித் தரும் நிறுவனங்கள். மூன்றின் கட்டண அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் பணம் கரைவது அட்டவணையில் எழுதியிருக்கும் கட்டணத்தால் மட்டுமல்ல, டாலரை ரூபாயாக்கும்போது அவர்கள் போடும் விலையாலும்தான். அதைக் கட்டணம் என்று யாரும் எழுதிக் காட்டுவதில்லை.

சந்தையில் டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 டாலர் வரவேண்டும். வணிகப் பரிமாற்றமாகப் பேபாலில் வந்தால் 4.4 சதவீதமும் 30 சென்ட்டும் கழியும். மிஞ்சுவது 190.90 டாலர். மாற்று விலையில் இன்னொரு 4 சதவீதம் போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 15,577 ரூபாய். சந்தை விலைப்படி அது 17,000. அதே 200 டாலர் ஸ்விஃப்டில் வந்தால் நடுவில் இருக்கும் இடைநிலை வங்கி 15 டாலரை எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். நம் வங்கி 84 ரூபாய் விலை போடுகிறது, மாற்றுவதற்கான ஜிஎஸ்டி என்று குறைந்தது 45 ரூபாய் கழிக்கிறது. மிச்சம் 15,495. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தொகையை 1,000 டாலராக்கிப் பாருங்கள். பேபாலில் 77,985, ஸ்விஃப்டில் ஜிஎஸ்டி 149 ரூபாயாக உயர்ந்தும் 82,591. வித்தியாசம் 4,600 ரூபாய்க்கு மேல். சதவீதமாகக் கழிப்பவை பெரிய தொகையைக் கடிக்கின்றன, ஒரே தொகையாகக் கழிப்பவை சின்னத் தொகையை விழுங்குகின்றன. மாதாமாதம் ஐம்பது டாலர் ஸ்விஃப்டில் வாங்குவது வீண். அதையே சேரவிட்டு ஐந்நூறாக வாங்கலாம். பல நிறுவனங்களில் குறைந்தபட்சத் தொகையை நாமே உயர்த்தி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, நம் கணக்கின் செட்டிங்ஸில் தேடினால் கிடைக்கும்.

பேபாலுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். பல அஃபிலியேட் நிறுவனங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மொத்தப் பட்டுவாடாவாக அனுப்புகின்றன. அப்படி அனுப்பும்போது கட்டணத்தை அனுப்புகிறவர் ஏற்றுக்கொள்கிறார், நமக்கு மாற்று விலை நஷ்டம் மட்டும்தான். ஆகவே முதல் பட்டுவாடா வந்ததும் ரசீதைத் திறந்து கட்டணம் என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றிருந்தால் சின்னத் தொகைகளுக்குப் பேபால் நல்ல வழி. டாலராகவே வைத்திருந்து, விலை ஏறும்போது மாற்றிக்கொள்ளலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். இந்தியக் கணக்குகளில் ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் தானாகவே வங்கிக்குப் போய்விடும்.

பேயோனியர் நடுத்தரம். நான் பயன்படுத்திய காலத்தில் வங்கிக்கு மாற்ற 2 சதவீதம் அளவுக்குக் கழிந்தது, வேறு எதுவும் நடுவில் கரையவில்லை. மேலே சொன்ன 200 டாலருக்கு 16,660 ரூபாய் என்று கணக்கு வரும். வரவு குறைவாக இருந்தால் ஆண்டுக் கட்டணம் என்று ஒன்றைப் போடுவார்கள், அதைக் கவனத்தில் வைக்க வேண்டும். நிறுவனம் பேயோனியரை ஏற்றுக்கொண்டால், நூறிலிருந்து சில நூறு டாலர் வரை நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

ஸ்விஃப்ட் வழியில் கட்டணத்தைவிடக் காகிதம்தான் படுத்தும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் என்ன காரணத்துக்காக வந்தது என்று ஒரு பர்பஸ் கோடு பதிய வேண்டும். முதல் தொகை வந்தபோது கிளையிலிருந்து அழைப்பு வந்தது. போனேன். கவுன்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, “சார் அங்கே வேலை பார்க்கிறாரா மேடம்?” என்று கேட்டார். எந்தச் சார் என்று எனக்கு விளங்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்ணின் கணக்குக்குப் பணம் வந்தால் கணவர் அனுப்பியதாகத்தான் இருக்கும் என்பது அவர் முடிவு. குடும்பப் பராமரிப்புக்கான பி1301 என்ற குறியீட்டைப் படிவத்தில் எழுதியும் வைத்திருந்தார். நான் உழைத்துச் சம்பாதித்ததை வீட்டுச் செலவுக்கு வந்த பணம் என்று பதிந்தால், வருமான வரிக் கணக்கில் தொழில் வருமானம் என்று எழுதுவதோடு அது எப்படி ஒத்துப்போகும்? அடித்துவிட்டு விளம்பரச் சேவைக்கான பி1007 என்று எழுதச் சொன்னேன். இன்வாய்ஸ் கேட்டார். அஃபிலியேட் வேலையில் நாம் இன்வாய்ஸ் போடுவதில்லை, அந்த நிறுவனமே கணக்கிட்டு அனுப்புகிறது. அந்த நிறுவனத்தின் தளத்தில் என் கணக்கிலிருந்து இறக்கிய மாதாந்திரக் கமிஷன் அறிக்கையும் ஒப்பந்த விதிகளின் அச்சுப் பிரதியும் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அந்த இரண்டும் ஒரு கோப்பில் தயாராக இருக்கின்றன.

வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வரவுச் சான்றையும் விடாமல் வாங்கி வைக்க வேண்டும். எஃப்ஐஆர்ஏ என்று கேட்டால் வங்கியில் புரியும். ஆடிட்டருக்கு அது வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு, வெளிநாட்டிலிருந்துதான் பணம் வந்தது என்று காட்ட அது கட்டாயமாகத் தேவைப்படும்.

இனிஷியல் பிரச்சினை நம் ஊர்க்காரர்களுக்கென்றே அமைந்தது. பாஸ்புக்கில் முன்னால் ஓர் எழுத்து, பின்னால் பெயர். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டுப் படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி, ஒற்றை எழுத்தை ஏற்க மறுக்கும். எனக்கு வந்த ஒரு தொகை பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிப் போய்விட்டது. போகும்போதும் வரும்போதும் இடைநிலை வங்கி தன் பங்கை எடுக்கத் தவறவில்லை. வங்கிக் கணக்கில் பெயரை பான் கார்டில் உள்ளபடி மாற்ற ஒரு விண்ணப்பம் போதும். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் அதற்கு முன் செய்யவேண்டியது இதுதான்.

அமெரிக்க நிறுவனங்கள் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவமும் கேட்கும். நாம் அமெரிக்கர் அல்ல என்ற உறுதிமொழி அது. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரைதான் பொதுவாகச் செல்லும். புதுப்பிக்காவிட்டால் பட்டுவாடாவை நிறுத்தி வைக்கலாம், அல்லது வரி பிடிக்கலாம்.

சில நிறுவனங்கள் இப்போது கிரிப்டோவில் தருவதாகச் சொல்கின்றன. கட்டணம் மிகக் குறைவு என்பது உண்மையே. ஆனால் 2022 முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி, பரிமாற்றத்தில் 1 சதவீத டிடிஎஸ். முகம் தெரியாத ஒருவருக்கு விற்று ரூபாய் வாங்கினால், அவர் அனுப்பியது மோசடிப் பணமாக இருந்து சைபர் கிரைம் போலீஸ் நம் வங்கிக் கணக்கை முடக்கிவைக்கும் வாய்ப்பும் இருக்கிறது. மிச்சமாகும் பத்து டாலருக்காக வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.

இப்போதைய என் ஏற்பாடு இது: ரூபாய் எல்லாம் என்இஎஃப்டி. கட்டணம் பிடிக்காத மொத்தப் பட்டுவாடா என்றால் பேபால். நடுத்தரத் தொகை பேயோனியர். பெரிய தொகை தரும் ஒரே ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மட்டும் ஸ்விஃப்ட், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இந்த வரவுகளுக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், வீட்டுச் செலவு அதில் கலப்பதில்லை. குறைந்தபட்சம் 100 டாலர் சேர்ந்தால்தான் தருவோம் என்றும், ஓராண்டு விற்பனை இல்லாவிட்டால் இருப்பு ரத்து என்றும் விதி வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் 60 டாலர் சேர்ந்திருக்கிறது. பண்டிகைக் காலத்துக்குள் மீதி 40 சேராவிட்டால் அவர்களுடைய இணைப்புகளை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடப் போகிறேன்.