சாய்மனைக் கதிரையும் எச்சிலும்: உடலை விட்டு வெளியேற மூன்று ஆண்டு முயற்சி

கதிரை திருத்தத்துக்குப் போய் வந்து ஒன்பது நாட்களாகின்றன. ஒன்பது இரவும் நான் உடலுக்குள்ளேயேதான் கிடக்கிறேன். இந்த நேரம் பார்த்து அலுவலக நண்பர் ஒருவர், "மச்சான், அந்தச் சூட்சும உடல் விஷயத்துக்கு, அதுதான் உடலை விட்டு வெளியே போவதற்கு, எப்படிப் படுக்க வேண்டும்?" என்று கேட்டார். பதில் சொல்லப் போய்க் கோபம்தான் வந்தது. எழுதினால் நிதானமாக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியேறும் முன் காது இரையும், உடம்பு அதிரும், பிறகு மிதக்கும் என்பதெல்லாம் இதில் இறங்கியவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது படுக்கும் விதத்தை மட்டும்.

எல்லோரையும் போல மல்லாந்து படுத்துத்தான் தொடங்கினேன். கைகால் அகட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, சவாசனம். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. உறக்கத்தின் விளிம்பில் உடம்பு அசைய மறுக்கும் நிலை, நம் அம்மம்மாமார் பேய் அமுக்குகிறது என்பார்களே, அது மல்லாந்து படுப்பவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. உடம்பு உறங்கி மனம் விழித்திருக்கும் அந்த இடுக்கில்தான் கதவு இருக்கிறதாம்.

1970களில் இந்த முயற்சியைப் பரவலாக்கிய அமெரிக்க வானொலிக்காரர் ராபர்ட் மன்ரோ, தலை வடக்கே இருக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எங்கள் கட்டில் கிழக்கு மேற்காகக் கிடந்தது. கைபேசித் திசைகாட்டியை வைத்துத் திருப்பினேன். சுவருக்குள் இருக்கும் கம்பிகளோ என்னவோ, இரண்டு அடி தள்ளி வைத்தால் வடக்கும் தள்ளிப் போனது. ஒருவழியாகக் கட்டிலை நிறுத்தியபோது அலுமாரிக் கதவு பாதிதான் திறந்தது. அந்தச் சமயம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமி வாசலில் நின்று பார்த்தார். "பிள்ளையாருக்கு யானைத் தலை எப்படிக் கிடைத்தது தெரியுமா தம்பி? வடக்கே தலை வைத்துப் படுத்த யானையிடமிருந்துதான்." அன்று மாலையே கட்டில் பழைய இடத்துக்குப் போய்விட்டது. மன்ரோவுக்கு மாமி இருந்திருந்தால் அவரும் திருப்பியிருப்பார்.

திசை பெரிய விஷயமில்லை. என்னைத் தோற்கடித்தது எச்சில். வழிகாட்டிகள் மூச்சைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், எச்சிலைப் பற்றி ஒரு வரி கிடையாது. நாளொன்றுக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் ஊறும் ஒன்றை எப்படி மறந்தார்கள்? உறங்கிவிட்டால் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும், தொல்லையில்லை. நாம்தான் உறங்காமல் உறங்குகிறோமே! மல்லாந்து படுத்த பத்தாவது நிமிடம் கால்விரல்கள் மறைந்து, முழங்கால் மறைந்து, கைகள் எங்கே இருக்கின்றன என்பதே தெரியாமல் போகும்போது அடிநாக்கில் ஒரு துளி வந்து நிற்கும். விழுங்காதே என்று சொல்லச் சொல்ல அது குளமாகும். கடைசியில் 'களக்' என்று தொண்டை விழுங்கும். அவ்வளவுதான், கால்விரல்கள் உட்படப் போனதெல்லாம் வீடு திரும்பிவிடும். ஒரே இரவில் பதினொரு தடவை எண்ணியிருக்கிறேன்.

மற்ற முறைகளையும் விட்டுவைக்கவில்லை. வலப்பக்கம் சரிந்து படுத்தால் எச்சில் கன்னத்தோடு தங்கிவிடுகிறது, ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் நான் குறட்டை விடுவதாகச் சாட்சி இருக்கிறது. குப்புறப் படுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். முழங்கையை ஊன்றி முன்கையை நிமிர்த்திப் படுத்தால், உறங்கும்போது கை விழுந்து எழுப்பும் என்றார்கள். விழுந்தது, மனைவியின் மூக்கில்.

அப்போதுதான் விறாந்தையில் கிடந்த அப்பாவின் சாய்மனைக் கதிரை கண்ணில் பட்டது. பிரம்புப் பின்னல், கால் தூக்கிப் போட நீளும் கைகள். பல வருடம் அப்பா பேப்பர் படித்துப் படித்து நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் என் இடுப்பு இறங்கியதும் முதுகு தானாகச் சரிந்தது, தலை சற்றே உயர்ந்தது, எச்சில் கேட்காமலே தொண்டைக்குள் இறங்கியது. விழுங்கியதே தெரியவில்லை. சந்தோஷத்தில் அன்றைக்கு எதையும் முயலாமல் சும்மாவே படுத்திருந்தேன்.

குறையும் இருந்தது. காலை நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, மறுபடி சாய்ந்து, காதில் இரைச்சல் தொடங்கியதும் மனம் துள்ளும். பார்த்தால் அது கடற்கரைப் பாதையில் போகும் ரயில். எது ரயில், எது அதிர்வு என்று பிரித்தறியவே ஓர் ஆண்டு போயிற்று.

ஒரே ஒரு தடவை நடந்தது. இரைச்சல் வந்தது, ரயில் வரவில்லை. மேலே மின்விசிறிப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கதிரைக் கைகளில் இரண்டு கால்கள், இடது கணுக்காலில் ஒரு நுளம்பு. முகம் தெரியவில்லை. விசிறி இதழின் மேல்புறத்தில் விரல் தடிப்பில் தூசி. விடிந்ததும் முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன், தூசி இருந்தது. எந்த வீட்டு விசிறியில்தான் இல்லை? 2002-இல் ஜெனீவாவில் வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையின் வலப்பக்கத்தில் மின்தூண்டல் கொடுத்தபோது, அவரும் தன்னை மேலிருந்து பார்த்தார், அதுவும் கால்களையும் உடலின் கீழ்ப்பகுதியையும் மட்டும். மூளையின் விளையாட்டென்றால் அப்படியே இருக்கட்டும். அந்த நுளம்பு கடித்த தடிப்பு என் காலில் இருந்தது.

போன மாதம் பின்னலில் நான்கைந்து பிரம்பு அறுந்தது. திருத்தக் கொடுத்தேன். வேலை சுத்தம், சொன்ன தேதி, சொன்ன காசு, குறை சொல்ல முடியாது. ஆனால் அறுந்ததை மட்டும் மாற்றச் சொன்னால் முழுவதையும் பிளாஸ்டிக் இழையில் மேளத்தோல் போல இறுக்கிப் பின்னிவிட்டார்கள். பள்ளம் போய்விட்டது. படுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறேன், கழுத்து மடிகிறது, எச்சில் மறுபடி குளமாகிறது.

நண்பருக்கு என் பதில்: சாய்மனைக் கதிரைதான் சிறந்தது, வேறெதுவும் பக்கத்தில் வராது. வாங்காதீர்கள். வலப்பக்கம் சரிந்து படுத்துத் தூங்குங்கள்.

பகலெல்லாம் கதிரையில் ஓர் அரிசி மூட்டையைக் கிடத்திவைத்திருக்கிறேன், பள்ளம் விழட்டும் என்று. நேற்று மனைவி அதற்கொரு துவாயைப் போர்த்திவிட்டு, "தலை வடக்கேதானே?" என்று கேட்டாள்.