பழைய கட்டடத்தைக் காப்பாத்தி வாடகைக்கு விடறது: லேண்ட்மார்க் டிரஸ்ட்டா, பராதோரா, நீம்ரானாவா, செட்டிநாட்டு வழியா?

இடிஞ்சு விழப்போற பழைய கட்டடத்தைச் சரி பண்ணி, லீவுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்தக் காசுலயே அதைப் பராமரிக்கறதுங்கிற ஐடியா உலகத்துல பல இடத்துல ஓடிக்கிட்டிருக்கு. கேக்க எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா பிரிட்டன்ல லேண்ட்மார்க் டிரஸ்ட்டுங்கற அறக்கட்டளை பண்றது வேற, ஸ்பெயின்ல அரசாங்கமே நடத்துற பராதோர் ஹோட்டல்கள் வேற, ராஜஸ்தான்ல ஆரம்பிச்ச நீம்ரானாங்கற தனியார் ஹோட்டல்கள் வேற, நம்ம செட்டிநாட்டு வீடுகள் வேற. எது தேவலாம்னு கேட்டா நான் முதல்ல பாக்கறது, அந்தக் கட்டடத்துக்குள்ள புதுசா எத்தனை பாத்ரூம் போட வேண்டி வந்துச்சுங்கறதைத்தான்.

சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. பழைய கட்டடத்தோட சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், பிறகு வெளிய விட்டுடும். அதுல சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டி ஷவர் வச்சீங்கன்னா ஈரம் உள்ள மாட்டிக்கும், ரெண்டு மழைக்காலம் போனா சுவரோட அந்தப்பக்கம் இருக்கற ரூம்ல பூச்சு உப்பிக்கிட்டு வெள்ளையா உப்பு பூத்து உதிர ஆரம்பிச்சிடும். மாடின்னா இன்னும் மோசம், மர உத்தரத்துக்கு மேல ஒரு சின்ன லீக்கேஜ் போதும், கீழ சீலிங்ல கறை தெரியறதுக்குள்ள உத்தரத்தோட முனை சுவருக்குள்ளயே மக்கிப் போயிருக்கும். ஒவ்வொரு அட்டாச்டு பாத்ரூமுக்கும் தண்ணி பைப், கழிவு பைப், ஹீட்டர் வயரிங், எக்ஸாஸ்ட் ஓட்டைன்னு சுவரைக் குடைஞ்சாகணும். 30 ரூம் போட்டா 30 தடவை இதே கதை.

இந்தக் கணக்குல லேண்ட்மார்க் டிரஸ்ட்டுக்குத்தான் முதல் மார்க். 1965ல ஜான் ஸ்மித்துங்கற பேங்கரும் அவர் மனைவி கிறிஸ்டியனும் ஆரம்பிச்சது. தாமஸ் டெல்ஃபோர்டுங்கற பழைய காலத்து இன்ஜினியர் கட்டின கால்வாய்க்கரை வீடு ஒண்ணை இடிச்சுத் தள்ளினதுதான் ஸ்மித்தைக் கிளப்பி விட்டுச்சுன்னு சொல்லுவாங்க. அவர் பாத்த சிக்கல் இது: பெரிய மாளிகைன்னா பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கற நேஷனல் டிரஸ்ட் எடுத்துக்கும், டிக்கெட் போட்டு ஜனங்களை விடலாம். ஆனா ஒரு சின்ன கோபுரம், காவல் வீடு, தண்ணித்தொட்டிக் கட்டடம், ஏன் பன்னிக் கொட்டகை, இதையெல்லாம் யார் டிக்கெட் வாங்கிப் பாப்பா? குடியிருக்கவும் வசதி கிடையாது. அப்போ லீவுக்கு ஒரு வாரம் குடும்பமா தங்க விட்டா என்ன, முழுக் கட்டடத்தையும் ஒரே குழுவுக்கு? பன்னிக் கொட்டகையும் நிஜம்தாங்க, யார்க்‌ஷயர்ல ராபின் ஹுட்ஸ் பே கிட்ட கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வச்சு யாரோ பன்னிக்குக் கட்டினது, இப்ப அதுல ரெண்டு பேர் தங்கலாம்.

முழு வீடும் ஒரே குழுவுக்குங்கறதுதான் இதுல சூட்சுமம். ரூமுக்கு ரூம் பாத்ரூம் வேண்டாம், ரிசப்ஷன் வேண்டாம், லிஃப்ட் வேண்டாம், ஹோட்டல் கிச்சன் வேண்டாம், ஒண்ணு ரெண்டு பாத்ரூமும் சின்ன சமையலறையும் போதும். டிவி கிடையாது, புத்தக அலமாரியும், வந்தவங்க எழுதி வச்சுட்டுப் போற லாக் புக்கும் உண்டு. இதனால வசதிக்காகக் கட்டடத்தை வெட்ட வேண்டிய கட்டாயமே குறைஞ்சு போகுது. ஸ்காட்லாந்துல டன்மோர்ல இருக்கற அன்னாசிப்பழக் கட்டடத்தையே எடுத்துக்குங்க. 1761ன்னு வருஷம் பொறிச்ச தோட்ட மாளிகை, அது தலைமேல கல்லுலயே செதுக்கின பெரிய அன்னாசி. இலை இலையா வளைஞ்சு நிக்கிற ஒவ்வொரு கல் இலையிலயும் தண்ணி தேங்காம தனித்தனியா வடிய வழி பண்ணியிருக்காங்க, தேங்கினா குளிர்ல உறைஞ்சு கல் பிளந்துடும்ல, அந்தக் காலத்து ஆள் அதையும் யோசிச்சிருக்கார். அங்க தங்கற எடம் ரெண்டு பக்கமா பிரிஞ்சிருக்கு, ஹால் ஒருபக்கம் படுக்கை இன்னொரு பக்கம், நடு ராத்திரி போகணும்னா வெளிய இறங்கித்தான் நடக்கணும். எந்த ஹோட்டல்காரனும் இதை அப்படியே விட்டு வைக்க மாட்டான், கண்ணாடி காரிடார் போட்டுடுவான். இவங்க விட்டுட்டாங்க, குடை எடுத்துட்டுப் போங்கன்னு.

இன்னொரு கேஸ் டோர்செட் கடலோரத்துல இருக்கற கிளாவல் டவர். 1830ல கட்டினது, கீழ பாறை அரிச்சு அரிச்சு கடல்ல விழற நிலைமைக்கு வந்துடுச்சு. கல்லு கல்லா நம்பர் போட்டுப் பிரிச்சு 25 மீட்டர் உள்ள தள்ளி திரும்பக் கட்டி 2008ல முடிச்சாங்க. இவ்வளவு பாடும் பட்டு கடைசில அதுல தங்கறது ரெண்டே பேர்! இந்த வாடகையில அந்தச் செலவு எந்தக் காலத்துலயும் திரும்பாது. அப்புறம் எப்படி நடத்தறாங்கன்னா, மீட்டெடுக்கற செலவு நன்கொடை, லாட்டரி நிதி மாதிரி வெளியில இருந்து வர்ற பணம், வாடகை வருமானம் அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஆகற பராமரிப்புக்கு. இது புரியாம ‘வாடகைக்கு விட்டாலே கட்டடம் பொழச்சுக்கும்’னு இறங்கினா கைய சுட்டுக்கணும். அதே பிரிட்டன்ல இதே வேலையைச் சின்ன அளவுல பண்ணிக்கிட்டிருந்த விவட் டிரஸ்ட் 2015ல மூடிட்டுப் போயிடுச்சு. லேண்ட்மார்க்குக்குக் கிட்டத்தட்ட 200 கட்டடம் கையில இருக்கு, ஒண்ணு காலியா கிடந்தா இன்னொண்ணு தாங்கும்.

குறைன்னு பாத்தா, தங்காதவங்களுக்கு உள்ள போக வாய்ப்பு கம்மி, எப்பவாச்சும் இலவசமா திறந்து விடற நாட்கள் உண்டு, அவ்வளவுதான். முழு வீட்டு வாடகைங்கறதால தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது, கூட்டமா போனா தலைக்குக் குறையும். சேவை அமைப்புகளுக்கு சும்மாவே தங்கக் குடுக்கற திட்டமும் வச்சிருக்காங்க, அதைப் பாராட்டணும்.

ஸ்பெயின் பக்கம் வந்தா எல்லாமே நேர் எதிர். பராதோர் அரசாங்கக் கம்பெனி, முதல் பராதோர் 1928ல கிரெதோஸ் மலையில அரசர் பதிமூணாம் அல்ஃபோன்சோ திறந்து வச்சது. இப்ப நூறுக்குக் கிட்ட இருக்கு, கோட்டை, மடம், அரண்மனைன்னு. சந்தியாகோ தெ கொம்பொஸ்தேலாவுல இருக்கறதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சது: நடந்தே வர்ற யாத்ரீகர்களுக்காக 1499ல ராணி இசபெல்லாவும் ராஜா ஃபெர்டினான்டும் கட்டச் சொன்ன ஆஸ்பத்திரி, நாலு முற்றம், 1954ல இருந்து ஹோட்டல். ஆரம்பத்துலயே நூத்துக்கணக்கான பேர் படுத்துத் தூங்கக் கட்டின இடம்கறதால ஹோட்டலா மாத்தறப்போ அந்தக் கட்டடத்தோட குணம் பெருசா மாறலை. கிரனாதா ஊர்ல அல்ஹம்ப்ரா அரண்மனை வளாகத்துக்குள்ளயே பழைய மடத்துல ஒண்ணு இருக்கு, ரூம் போடக் காசில்லாதவனும் உள்ள போய் ஒரு காப்பி குடிச்சுட்டு மடத்தைப் பாத்துட்டு வரலாம். பொதுச் சொத்துங்கற நினைப்பு இதுல இருக்கு, லேண்ட்மார்க்குல இல்லாத ஒண்ணு.

ஆனா பழைய கட்டடத்தைக் குடையாம விடற கணக்குல இவங்க அடி வாங்கறாங்க. ஹயேன் ஊர்ல மலை மேல கோட்டைக்குள்ள தங்கறோம்னு நினைச்சுப் போறவங்க தங்கறது 1960கள்ல கட்டின புதுக் கட்டடத்துல, அதுவும் பழைய கோட்டையோட ஒரு பகுதி நின்ன இடத்துல. கோட்டை மாதிரியே கட்டியிருக்கறதால ஃபோட்டோவுல வித்தியாசம் தெரியாது. அரசாங்கம்னா அரசாங்கப் பிரச்சனையும் கூடவே வரும், ஸ்பெயின் பொருளாதாரம் படுத்தப்போ 2012ல ஆட்குறைப்புத் திட்டம் போட்டு ஸ்டிரைக் வரைக்கும் போச்சு. பக்கத்து போர்ச்சுகல்ல பூசாடான்னு இதே மாதிரி 1942ல ஆரம்பிச்சாங்க, 2003ல நடத்தற பொறுப்பைப் பெஸ்தானாங்கற தனியார் குரூப்கிட்ட குடுத்துட்டாங்க. கட்டடம் பொதுச் சொத்து, ஹோட்டல் நடத்தறது தனியார். எனக்கென்னவோ பெரிய கட்டடத்துக்கு இந்த ஏற்பாடு ஸ்பெயினை விடப் புத்திசாலித்தனமாத் தோணுது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். நீம்ரானா கோட்டை 1464ல ஆரம்பிச்சது, பாழாக் கிடந்ததை 1986ல அமன் நாத்தும் ஃபிரான்சிஸ் வாக்ஸியார்கும் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணி 1991ல சில ரூமோட திறந்தாங்க. கையில இருந்த காசுக்கு ஏத்த மாதிரி வேலை, வந்த வருமானத்துல அடுத்த பகுதி. அரசாங்க நிதிக்கும் நன்கொடைக்கும் காத்திருக்காம இந்தியாவுல ஒரு இடிபாட்டைத் தூக்கி நிறுத்த முடியும்னு காட்டினவங்க, அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனா அதே வழியிலதான் வினையும் இருக்கு, வருமானம் வேணும்னா ரூம் வேணும், ரூம் கூடினா கூட்டம், கூட்டம் வந்தா நீச்சல் குளம், கல்யாணப் பந்தல், கம்பியில தொங்கிக்கிட்டுப் போற ஜிப்லைன். கோட்டை பொழச்சுது, அமைதி போச்சு.

தரங்கம்பாடியில இவங்களே எடுத்த கடற்கரை பங்களா எனக்கு இதைவிடப் பிடிச்ச உதாரணம். டேனிஷ்காரங்க 1620ல கட்டின டான்ஸ்போர்க் கோட்டை பக்கத்துல, சில ரூமே உள்ள வீடு, சுத்தி தாழ்வாரம், கடல் காத்துல மரமும் சுண்ணாம்பும் வருஷா வருஷம் தின்னுக்கிட்டே போகும், பூசிக்கிட்டே இருக்கணும். இங்க முக்கியமானது என்னன்னா ஹோட்டல் மட்டும் தனியா நிக்கலை, 2004 சுனாமிக்கு அப்புறம் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கற இன்டாக் அமைப்பு டேனிஷ் நிதி உதவியோட அதே ஊர்ல ஆசாரித் தெரு வீடுகளையும் சரி பண்ணுச்சு, அதனால வந்து தங்கறவங்களுக்கு ஒரு ஹோட்டல் இல்ல, நடந்து பாக்க ஒரு தெருவே கிடைச்சுது.

செட்டிநாடுதான் இது எல்லாத்துலயும் சிக்கலான கேஸ். கட்டடம் இருக்கு, ஆத்தங்குடி கல்லு, பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு போட்டு மெழுகின சுவர் எல்லாம் இருக்கு, 2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்லயும் ஏறியாச்சு. ஆனா ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்குக்காரங்க, சில வீட்டுக்கு அம்பது பேர், ஒருத்தர் சிங்கப்பூர்ல ஒருத்தர் சென்னையில. ஒத்துப் போகலைன்னா தூணும் கதவும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு ஆன்டிக் கடைக்குப் போயிடும். ஒரே கையில முடிவு எடுக்க முடிஞ்ச வீடுகள்தான் இதுவரைக்கும் தப்பிச்சிருக்கு: காரைக்குடியில ஒரு குடும்பமே 1999ல இருந்து நடத்தற ‘பங்களா’ங்கற ஹோட்டல், கானாடுகாத்தான்ல அப்பா மகளுக்காகக் கட்டின விசாலம், கொத்தமங்கலத்துல பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் ரெண்டு பேர் எடுத்துச் செஞ்ச சாரதா விலாஸ், இந்த மாதிரி.

இந்த வீடுகள்ல பாத்ரூம் எங்க போடறாங்கன்னு கவனிங்க. வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, சுத்தி இருக்கற ரூம் ஒவ்வொண்ணும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஒதுக்கினது, சாமான் சட்டி சீர்வரிசை வச்சுப் பூட்டற ரூம், தூங்கறதெல்லாம் பட்டாலைன்னு சொல்ற திண்ணை மாதிரி மேடையிலயும் மேல ஹால்லயும். அந்தச் சின்ன இருட்டு ரூமை ஹோட்டல் ரூமா மாத்தணும்னா ரெண்டை இடிச்சு ஒண்ணாக்கி ஒரு மூலையில பாத்ரூம் வைக்கணும், அப்படி வச்ச உடனே அந்த வீடு எப்படி வாழ்ந்துச்சுங்கற கணக்கே அழிஞ்சு போகுது. நல்லா செஞ்சவங்க பின்கட்டுலயும் தோட்டத்துப் பக்கமும் பாத்ரூம், பைப்னு ஈர வேலையைத் தள்ளிட்டாங்க. சரியா செய்யாதவங்க வீட்டுல வளவுத் தூணுக்குப் பக்கத்துலயே பிவிசி பைப் இறங்கும், அதுக்குத் தேக்கு கலர் பெயின்ட் வேற.

மத்திய அரசோட ஹெரிடேஜ் ஹோட்டல் விதியும் இந்தப் பக்கமே தள்ளுது. 1950க்கு முன்னாடி கட்டினதா இருக்கணும், சரி. ஆனா குறைஞ்சது 5 ரூம் இருக்கணும். தஞ்சாவூர் பக்கத்து சின்னச் சத்திரம், மலையில தனியா நிக்கிற டிராவலர்ஸ் பங்களா, சின்ன அக்ரஹார வீடு எல்லாம் இந்த வகைக்குள்ள வரவே வராது. பெரிய வீட்டுக்கு மட்டும்தான் சட்டை தைச்சு வச்சிருக்காங்க.

அதனால என் கணக்கு இப்படிப் போகுது. அரண்மனை, ஆஸ்பத்திரி, மடம் மாதிரி ஆரம்பத்துலயே கூட்டத்துக்குக் கட்டின இடம்னா போர்ச்சுகல் வழி, சொத்து பொதுவுல இருக்கட்டும், தொழில் தெரிஞ்சவன் நடத்தட்டும். சின்னது, தனியா நிக்கறதுன்னா லேண்ட்மார்க் வழி தவிர வேற எதுவும் வேலைக்கு ஆகாது, ஆனா மீட்கற பணம் வாடகையில வராதுன்னு முதல் நாளே ஒத்துக்கணும். செட்டிநாட்டு வீட்டுக்கும் நான் ஹோட்டலை விட முழு வீட்டு வாடகையைத்தான் சொல்லுவேன். நம்ம ஜனங்க லீவுக்குப் போறதே இருபது பேராத்தான், தாத்தா பாட்டியில இருந்து கைக்குழந்தை வரைக்கும். வளவுல ஜமக்காளம் விரிச்சுப் படுத்துப்பாங்க, பின்கட்டுல நாலு பாத்ரூம் இருந்தா காலையில வரிசையில நின்னு குளிச்சுப்பாங்க, கல்யாண வீட்டுல பண்றதுதானே. சமைக்க ஊர்லயே ஒரு ஆச்சியை ஏற்பாடு பண்ணிட்டா சமையலறையைத் தொடவே வேண்டாம். வீட்டைக் குடையாம வீட்டை நடத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியலை. எல்லா வாரமும் இருபது பேர் கிடைக்க மாட்டாங்க, அது உண்மை, அதனாலதான் ஒரு வீடா இல்லாம ஊருக்குள்ள அஞ்சாறு வீடு சேர்ந்து ஒரே ஆபீஸ், ஒரே புக்கிங், ஒரே கொத்தனார், ஒரே தச்சர்னு வச்சுக்கணும்.

விக்கறதை விட லீஸுக்குக் குடுக்கறது பங்குக்காரங்களை ஒத்துக்க வைக்க சுலபம், ஏன்னா சாமி ரூமும் முன்னோருக்குப் படைப்பு நடக்கற நாளும் தங்களுக்குன்னு எழுதி வாங்கிக்கலாம். கூடவே வளவுல சுவர் உடைக்கக் கூடாது, சிமென்ட் பூசக் கூடாது, ஈர வேலை எல்லாம் பின்கட்டுல மட்டும்தான்னு மூணு வரி அதே பத்திரத்துல ஏத்திடுங்க. ஒரு வருஷத்துக்கு மேல போற லீஸ்னா பதிவு பண்ணியே ஆகணும், எல்லாப் பங்குக்காரங்க கையெழுத்தும் வேணும், வெளிநாட்டுல இருக்கறவங்க பவர் குடுக்கணும். மேஸ்திரியைக் கூப்பிடறதுக்கு முன்னாடி இந்த வேலையை முடிங்க.